எழுதியதை முதலில் யார் படிப்பது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் 'கல்லூரி மாணவர்களும் எழுத்துத் திறனும்' என்ற தலைப்பில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகளின் கல்விக்கு நாம் செலவிடும் பணத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. முதலாம் ஆண்டில் தொடங்கிப் படிவம் ஐந்து வரைக்கும் பிரத்தியேக வகுப்பு. கணிதத்திற்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று, ஆங்கிலத்திற்கு ஒன்று என்று அம்மா காரில் ஏற்றிக் கொண்டு போவார்; கார் இல்லாத வீட்டில் அப்பா மோட்டார் சைக்கிளில் கொண்டு போய் விடுவார். எஸ்.பி.எம். முடிகிறது. பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது. பெட்டியோடு தங்கும் விடுதியில் இறக்கி விட்டதும், 'இனி அவன் பார்த்துக் கொள்வான்' என்று திரும்பி விடுகிறோம். பதினோரு ஆண்டுகள் பிடித்திருந்த கையை, உண்மையில் கஷ்டம் தொடங்குகிற இடத்தில் விட்டு விடுகிறோம்.

கஷ்டம் என்று நான் சொல்வது இடுபணியை. அசைன்மெண்ட் என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும். பள்ளியில் தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்து, குறித்த நேரத்திற்குள் எழுதிய கட்டுரை வேறு. கல்லூரியில் இரண்டாயிரம் சொற்களில், ஆங்கிலத்தில், நான்கைந்து நூல்களைப் படித்து, எங்கிருந்து எடுத்தோம் என்பதை முறைப்படி காட்டி, அதற்கு மேல் 'உன் கருத்து என்ன?' என்ற கேள்விக்கும் பதில் சொல்லி எழுத வேண்டியது முற்றிலும் வேறு. முன்னதில் கெட்டிக்காரனாக இருந்த பிள்ளை பின்னதில் திணறுவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அது அவனுக்குப் புதிய தொழில்.

திணறும் பிள்ளை என்ன செய்கிறான்? மூத்த மாணவரிடம் போன ஆண்டுத் தாளை வாங்கிப் பெயரை மாற்றுகிறான். கையில் காசு இருந்தால் எழுதிக் கொடுக்க ஆள் பிடிக்கிறான். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு அந்தக் காசும் மிச்சம். இவை எதையும் செய்ய மனம் வராத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் பேசாமல் இருந்து விடுகிறார்கள். தாளை ஒப்படைப்பதில்லை. அடுத்த வாரம் வகுப்புக்கும் வருவதில்லை. எனக்குக் கவலை இவர்களைப் பற்றித்தான். ஏமாற்றுகிறவனையாவது விரிவுரையாளர் ஒருநாள் கண்டுபிடித்துக் கூப்பிட்டுப் பேசுவார். காணாமல் போகிறவனை யார் தேடுவது?

இதற்கு ஒரு வழி உண்டு. சக மாணவன் ஒருவனையே, எழுத்தைப் படித்துப் பார்த்துப் பேசும் துணையாக, ஒரு பாடத்தோடு சேர்த்து விடுவது. அமெரிக்கக் கல்லூரிகளில் இது அரை நூற்றாண்டு அனுபவம். அமெரிக்காவைப் பார் என்று எடுத்ததற்கெல்லாம் விரல் நீட்டுகிறவள் அல்ல நான். ஆனால் அங்கே இது தொடங்கிய சூழ்நிலை, நம் வீடுகளுக்கு மிகவும் தெரிந்த சூழ்நிலை. ஒரு குடும்பத்தில் முதன் முதலாக ஒருவர் கல்லூரிக்குப் போகிற சூழ்நிலை.

நியூயார்க்கில் கதவு திறந்தபோது

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் என்பது பல கல்லூரிகளைக் கொண்ட ஓர் அரசாங்க அமைப்பு. 1969இல் அதன் சிட்டி காலேஜில் கறுப்பின மாணவர்களும் புவெர்ட்டோ ரிக்கோ வம்சாவளி மாணவர்களும் வளாகத்தின் ஒரு பகுதியைக் கைப்பற்றிப் போராடினார்கள். நகரத்துப் பிள்ளைகளுக்கான கல்லூரியில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏன் இல்லை என்பது அவர்கள் கேள்வி. மறு ஆண்டே, 1970இல், நகரத்தின் உயர்நிலைப்பள்ளியில் தேர்ச்சி பெற்ற யாருக்கும் ஏதாவது ஒரு கல்லூரியில் இடம் உண்டு என்று கதவு திறக்கப்பட்டது. அப்போது கல்விக் கட்டணமும் கிடையாது. அது 1976இல்தான் வந்தது. 1970ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 35,000 புது மாணவர்கள் உள்ளே வந்தார்கள்.

வந்தவர்கள் எழுதிய கட்டுரைகளைப் பார்த்துப் பேராசிரியர்கள் பலர் தலையில் கை வைத்துக் கொண்டார்கள். சிட்டி காலேஜில் மினா ஷாக்னெஸி என்ற அம்மையார் மட்டும் அந்தத் தாள்களை உட்கார்ந்து படித்தார். ஏறக்குறைய நாலாயிரம் கட்டுரைகள். பிழைகளை எண்ணிக் கொண்டு போகாமல், இந்தப் பிள்ளை ஏன் இந்த இடத்தில் இப்படி எழுதினாள் என்று காரணம் தேடினார். 1977இல் அதை நூலாகவும் வெளியிட்டார். பிழைகளுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது, இவர்கள் மந்தமானவர்கள் அல்லர், எழுத்துக்குப் புதியவர்கள், புதியவர் எவரும் தவறு செய்துதான் கற்பார் என்பது அவர் கண்ட முடிவு.

அதே பல்கலைக்கழகத்தின் புருக்ளின் கல்லூரியில் கென்னத் புருஃபி என்ற ஆங்கிலப் பேராசிரியர் இருந்தார். அங்கே மாணவர்களுக்கு உதவியே இல்லாமல் இல்லை. ஆலோசகர்கள் இருந்தார்கள், சம்பளம் வாங்கும் பயிற்றுநர்கள் இருந்தார்கள். மாணவர்கள்தான் அந்தப் பக்கம் போகவில்லை. ஏன் என்று யோசித்தவருக்குக் கிடைத்த பதில் இது: அந்த உதவியும் வகுப்பறையின் நீட்சியாகவே அவர்களுக்குத் தெரிந்தது. எந்த மேசைக்கு முன் நின்று கூனிக் குறுகினார்களோ, அதே மாதிரி இன்னொரு மேசை. ஆகவே மேசைக்கு அந்தப் பக்கம் இன்னொரு மாணவனை உட்கார வைத்தார்கள். வந்தார்கள்.

இது நம் வீட்டுச் சங்கதி இல்லையா? நம் பிள்ளைகள் விரிவுரையாளரின் அறைக் கதவைத் தட்டத் தயங்கும் தயக்கம் நமக்குத் தெரியாததா? 'ஏதாவது சந்தேகம் இருக்கிறதா?' என்று வகுப்பில் கேட்டால் ஒரு கையும் உயராது. மணி அடித்து வெளியே வந்ததும், 'டேய், அவர் என்னடா சொன்னார்?' என்று ஒருவனை ஒருவன் கேட்பான். அந்தக் கேள்வியை வெளியே விட்டு வைக்காமல், கல்லூரிக்குள்ளேயே அதற்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அவ்வளவுதான்.

எல்லாரும் போக வேண்டும்

ஆனால் புருக்ளின் முறையிலும் ஒரு குறை இருந்தது. உதவி வேண்டுகிறவன்தான் எழுந்து போக வேண்டும். போகிறவன் மேல் ஒரு முத்திரை விழும். நம் தாமானில் ஒரு பிள்ளை பின்தங்கிய மாணவர்களுக்கான வகுப்புக்குப் போனால் எத்தனை வீட்டுக்குத் தெரிந்து விடும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைத் தீர்க்கும் வழி ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் உருவானது. 1982இல் டோரி ஹேரிங்-ஸ்மித் என்பவர் அங்கே தொடங்கிய திட்டத்திற்கு ரைட்டிங் ஃபெல்லோஸ் என்று பெயர். எழுத்துத் துணைவர்கள் என்று நாம் சொல்லலாம். இவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து ஆள் வரும் என்று காத்திருப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட பாடத்தோடு இணைக்கப்படுகிறார்கள். அந்தப் பாடத்தில் படிக்கும் அத்தனை பேரும், முதல் மாணவன் உட்பட, தங்கள் முதல் வரைவை இறுதித் தேதிக்கு முன்பே துணைவரிடம் கொடுத்தாக வேண்டும். ஒரு துணைவருக்குப் பத்துப் பதினைந்து பேர். அவர் படிக்கிறார், ஓரத்தில் குறிப்பு எழுதுகிறார், பிறகு ஒவ்வொருவரையும் நேரில் சந்தித்துப் பேசுகிறார். மாணவன் வரைவைத் திருத்தி எழுதுகிறான். விரிவுரையாளரின் கைக்குப் பழைய வரைவும் புதிய தாளும் சேர்ந்தே போகின்றன. துணைவர் புள்ளி போடுவதில்லை. புள்ளி போடுவது விரிவுரையாளர் மட்டுமே.

'எல்லாரும்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. எல்லாரும் போகும் இடத்திற்குப் போவதில் அவமானம் இல்லை. கெட்டிக்கார மாணவனுக்கும் அங்கே வேலை இருக்கிறது. நன்றாக எழுதுகிறவனின் தாளில்தான் பேசுவதற்கு விஷயம் அதிகம். இந்த முறை ஸ்வார்த்மோர் கல்லூரிக்கு 1985இலும், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்திற்கு 1997இலும் பரவியது. நமக்கு அருகில் பார்த்தால், சிங்கப்பூரில் 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்து 2025இல் மூடப்பட்ட யேல்-என்.யு.எஸ். கல்லூரியின் எழுத்து மையத்திலும் மாணவர்களே பயிற்றுநர்களாக உட்கார்ந்து பேசினார்கள்.

சரி, இரண்டு மாணவர்கள் உட்கார்ந்து அப்படி என்னதான் பேசுகிறார்கள்? நம் ஊருக்கு ஏற்றபடி கற்பனை செய்து பார்ப்போம். பேராக்கிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் படிக்க வந்த ஒரு பெண். வணிகப் பாடத்தில் பாசார் மாலாம் வியாபாரிகளைப் பற்றி அறிக்கை எழுத வேண்டும். எழுதிக் கொண்டு வந்திருக்கிறாள். முதல் ஒன்றரைப் பக்கம் 'வியாபாரம் என்றால் என்ன?' என்று அகராதியிலிருந்து எடுத்த விளக்கம். மூன்றாம் ஆண்டு மாணவி அதைப் படித்து விட்டுக் கேட்கிறாள்.

"நீ பாசார் மாலாமுக்கு நேர்ல போனியா?"

"போனேன் அக்கா. மூணு கடையில பேசினேன்."

"என்ன சொன்னாங்க?"

"மழைதான் அக்கா பிரச்சினை. வாரத்துல ரெண்டு நாள் மழை பெஞ்சா வேன் வாடகை கூட வராதாம். சாமான் எல்லாம் வீணாப் போயிடுமாம். ஒரு ஆன்ட்டி அதனாலேயே பலகாரத்தை விட்டுட்டுத் துணி விக்கிறாங்க."

"இது எங்கே எழுதியிருக்கே?"

"எழுதலை அக்கா. இதெல்லாம் எழுதலாமா?"

நேயர்களே, அந்தப் பெண்ணின் முழு அறிக்கையும் அந்தக் கடைசிக் கேள்விக்குப் பின்னால் ஒளிந்து கொண்டிருக்கிறது. அவளுக்கு விஷயம் தெரியும். தான் கண்டது கல்லூரித் தாளில் இடம் பெறத் தகுதி உள்ளது என்பதுதான் தெரியாது. ஒரு விரிவுரையாளர் அந்தத் தாளைத் திருத்தியிருந்தால் 'சொந்தச் சிந்தனை போதாது' என்று எழுதி நாற்பத்தெட்டுப் புள்ளி போட்டிருப்பார். அவர் மேல் தவறில்லை. அவரிடம் நூற்றைம்பது தாள்கள் இருக்கும். அவருக்குத் தாள் மட்டும்தான் தெரியும், பாசார் மாலாமில் நனைந்த பெண்ணைத் தெரியாது.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். அறிக்கை ஆங்கிலத்தில், பேச்சு தமிழில். எண்ணத்தைத் தனக்குப் பழகிய மொழியில் கொட்டி விட்டு, பிறகு அதை ஆங்கிலத்தில் அடுக்குவது நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய வசதி! இதை ஒரு சக மாணவியால் கொடுக்க முடியும். மலாய் மாணவர் மலாயிலும் சீன மாணவர் மாண்டரினிலும் இப்படியே பேசிக் கொள்ளலாம். பயிற்சி பெற்ற துணைவர்கள் பொதுவாக முதலில் கருத்தைப் பார்ப்பார்கள், பிறகு அடுக்கைப் பார்ப்பார்கள், இலக்கணம் கடைசியில்தான். நாம் எல்லாரும் தலைகீழாகச் செய்கிறோம். பிள்ளை எழுதியதைக் கையில் வாங்கியதும் நம் கண் முதலில் எழுத்துப் பிழைக்குத்தான் போகிறது.

தாளை வாய் விட்டுப் படிக்கச் சொல்வதும் அவர்கள் வழக்கம். இதன் பலனை என் தொழிலை வைத்தே சொல்ல முடியும். தொலைக்காட்சியில் எழுதுகிறவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர், வாசிப்பவர் ஒருவர். கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிந்த வாக்கியம் வாய்க்கு வரும்போது இடறும். எனக்கு மூச்சு முட்டும் இடத்தில் பெரும்பாலும் பொருளும் முட்டிக் கொண்டு நிற்கும். நாற்பது வினாடிச் செய்திக்கு மூன்று பேர் தேவைப்படும்போது, இரண்டாயிரம் சொற்களை ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை தனியாக எழுதி, தனியாகப் படித்து, தனியாக ஒப்படைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

குருடனுக்குக் குருடன் வழிகாட்டுவதா?

இந்தக் கேள்வி இப்போது இந்த அரங்கிலேயே சிலர் மனதில் இருக்கும். புருஃபியும் 1984இல் எழுதிய கட்டுரையில் இதே கேள்வியை எழுப்பிப் பதிலும் சொன்னார். எழுத்து என்பது மனதிற்குள் நடக்கும் உரையாடலைத் தாளில் இறக்குவது. நல்ல உரையாடல் பழகாதவனால் நல்ல எழுத்தும் எழுத முடியாது என்பது அவர் வாதம். ஒருவன் பாடத்தைக் கொண்டு வருகிறான், மற்றவன் கேட்கும் பழக்கத்தைக் கொண்டு வருகிறான், இருவரும் சேர்ந்தால் ஒருவராலும் தனியாக முடியாதது முடிகிறது. துணைவரும் சும்மா நாற்காலியில் போய் உட்கார்வதில்லை. பிரவுனில் அவர்கள் எழுத்துக் கற்பித்தல் பற்றிய ஒரு தனி வகுப்பைப் படிக்க வேண்டும்.

ஆனாலும் இந்த முறையை அப்படியே பெயர்த்துக் கொண்டு வந்து நட்டு விட முடியாது. அங்கே 1991இல் ஜெஃப் புரூக்ஸ் என்பவர் எழுதிய கட்டுரை ஒன்று மிகவும் பிரபலம். துணைவர் பேனாவைக் கையில் எடுக்கவே கூடாது, மாணவனின் பக்கத்தில் உட்கார வேண்டும், தாள் மாணவனுக்கு அருகில் இருக்க வேண்டும், திருத்துவது முழுக்க அவன் வேலை என்று அதில் சொல்கிறார். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1993இல், ஜூடித் பவர்ஸ் என்பவர் வேறொன்றைச் சுட்டிக் காட்டினார். ஆங்கிலம் தாய்மொழி அல்லாத மாணவனிடம் 'இந்த வாக்கியம் உனக்குச் சரியாகப் படுகிறதா?' என்று கேட்டுக் கொண்டே இருந்தால் பயனில்லை; அவன் காதுக்கு அந்த மொழி இன்னும் பழகவில்லை; அவனுக்குச் சில விஷயங்களை நேராகச் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும். நான் பவர்ஸ் பக்கம். நம் பிள்ளைகளில் பலருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. அவர்களிடம் வெறும் கேள்வியாகக் கேட்டுக் கொண்டிருப்பது, பசித்தவனிடம் 'உனக்கு என்ன சமைக்கத் தெரியும்?' என்று கேட்பது போல.

எதைச் சொல்லிக் கொடுப்பது, எதை எழுதிக் கொடுக்கக் கூடாது என்ற கோடு எங்கே இருக்கிறது? துணைவர் ஒரு வாக்கியத்தைத் திருத்திக் காட்டி, இதே மாதிரி இன்னும் நான்கு இடத்தில் இருக்கிறது, நீயே தேடு என்று சொன்னால் அது உதவி. நான்கையும் அவரே திருத்தினால் அது கூலி வேலை. ஸ்டீபன் நார்த் 1984இல் எழுதியதும் இந்தப் பொருளில்தான். மேம்பட வேண்டியது எழுதுகிறவர். அந்த ஒரு தாள் மட்டும் அல்ல.

சாட்ஜிபிடி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் பெற்றோரையும் நான் சந்திக்கிறேன். அது நன்றாக எழுதுகிறது, மறுக்கவில்லை. அதனிடம் 'எனக்கு எழுதித் தராதே, கேள்வி மட்டும் கேள்' என்று சொன்னால் கேட்கவும் செய்யும். ஆனால் காலை எட்டு மணிக்கு ஒப்படைக்க வேண்டிய தாளை வைத்துக் கொண்டு நள்ளிரவில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை அப்படியா சொல்வான்? 'எழுதிக் கொடு' என்றுதான் சொல்வான். அந்தப் பாசார் மாலாம் ஆன்ட்டியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது, அவளைப் பற்றி அதனிடம் சொல்லலாம் என்பதும் அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்காது. இன்னொரு பலனும் உண்டு. முதல் வரைவையும் இறுதித் தாளையும் சேர்த்துக் கேட்டு, நடுவில் ஒரு மனிதருடன் உட்கார்ந்து பேச வேண்டும் என்று வைத்து விட்டால், இயந்திரத்தை எழுத விடும் ஆசை தானாகவே குறையும் என்று நினைக்கிறேன். தான் எழுதாத தாளைப் பற்றி அரை மணி நேரம் பேசுவது எளிதல்ல.

துணைவராக இருப்பவருக்கு என்ன லாபம்? 2010இல் மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், முன்பு இந்த வேலையைச் செய்த 126 பட்டதாரிகளிடம் கேட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் தங்களோடு கொண்டு போனதாகச் சொன்னவற்றில் எழுத்துத் திறன் மட்டும் அல்ல, தன்னம்பிக்கையும், பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கமும் இருந்தன. நேர்முகத் தேர்வில் பேசத் தெரிந்த பட்டதாரி நம்மிடம் நிறைய. கேட்கத் தெரிந்தவர் எத்தனை பேர்?

ஆனால் ஒன்று. சமூக சேவை என்ற பெயரில் இதை இலவசமாகச் செய்யச் சொல்லாதீர்கள். பதினைந்து வரைவுகளைப் படித்துக் குறிப்பெழுதிப் பதினைந்து பேரைச் சந்திப்பது வார இறுதி முழுவதையும் விழுங்கும் வேலை. அந்த நேரத்தில் துரித உணவுக் கடையில் நின்று சம்பாதிக்கும் மாணவர்கள் நம்மவர்கள். ஊதியம் இல்லாவிட்டால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே துணைவர்களாக வருவார்கள். அப்புறம் அந்த மேசையும் பழைய மேசையாகி விடும்.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடிகிறது. என் இடப்பக்கம் அமர்ந்திருக்கும் விரிவுரையாளர்களிடம் ஒரே ஒரு கேள்வியை வைத்து விட்டு அமர்கிறேன். மையம் கட்ட வேண்டாம், திறப்பு விழா வேண்டாம். முதல் பருவத்தில் ஒரே ஒரு பாடத்தில், இடுபணிக்கு நீங்கள் கொடுக்கும் ஒரு தேதியை இரண்டு தேதிகளாக்கி, நடுவில் உள்ள பத்து நாட்களில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நான்கு பேருக்கு ஊதியம் கொடுத்து வரைவுகளைப் படிக்க வைக்க உங்கள் துறையில் என்ன தடை இருக்கிறது? பணமா, விதிமுறையா, அல்லது மாணவன் மேல் நம்பிக்கை இல்லையா? நேயர்கள் முன்னிலையில் உங்கள் பதிலைக் கேட்க விரும்புகிறேன்.